பாதிக் குறள் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் இலக்கியப் பக்கத்தில், நல்லது நடக்குமென்றால் பொய் சொல்லலாம் என்று வள்ளுவரே அனுமதித்துவிட்டதாக ஒரு வரி வந்திருக்கிறது. கட்டுரையில் மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

292ஆம் குறள் உங்களுக்குத் தெரியாததல்ல. ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்க அது போதும். ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’, அதாவது குற்றமற்ற நன்மையைத் தருமானால் என்ற நிபந்தனையை விழுங்கிவிடுகிறார்கள். கேடோ சாவோ நேர இருக்கும் ஓர் உயிர், அந்தப் பொய்யால் தப்பிப் பிழைப்பதைத்தான் பரிமேலழகர் உரையில் சொல்கிறார். அப்படிப்பட்ட நேரத்துக்கு மட்டும் கொடுத்த இடம் அது.

இந்த அரைக் குறளை நான் முதலில் கேட்டது ஒரு கல்யாணத் தரகர் வாயில். என் தங்கையின் கணவருக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு உண்டு. பெண் பார்க்க வந்தபோதும் சரி, நிச்சயத்தின்போதும் சரி, ஒருவரும் மூச்சு விடவில்லை. மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். புது மனைவி பார்த்துவிடுவாளோ என்று அவர் வேளை தவறவிட, ஒரு விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல், தங்கை அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு கதறியிருக்கிறாள். மாத்திரையை விட்டதால்தான் வந்தது என்றார் டாக்டர்.

நியாயம் கேட்கப் போன அப்பாவிடம் தரகர் இந்தக் குறளைச் சொன்னார். ‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்றும் சேர்த்துக்கொண்டார். வலிப்பு ஒரு குற்றமா? முன்னாலேயே சொல்லியிருந்தால் என் தங்கை மனதாரக் கட்டிக்கொண்டிருப்பாள். இன்றும் அவரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு ஆறாதது நோயல்ல, தன்னை நம்பிச் சொல்லவில்லையே என்பதுதான்.

உங்கள் கட்டுரை தருமனையும் துணைக்கு அழைக்கிறது. அசுவத்தாமன் இறந்தான் என்று அவன் சொன்னதும், அதுவரை தரையில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவன் தேர் மண்ணில் இறங்கியதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சிலப்பதிகாரத்தில் உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், ‘யானே கள்வன்’ என்று பாண்டியன் தன் வாயாலேயே சொல்லி உயிரை விட்டான். எங்களிடம் ‘தப்பு செய்துவிட்டோம்’ என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் இதே பாதிக் குறளைப் பிள்ளைகள் முழங்குகிறார்கள். உங்களைப் போன்ற பத்திரிகையில் படித்துத்தான் ஆசிரியர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். இதைப் பற்றி முன்பும் உங்களுக்கு எழுதினேன். பதிலும் இல்லை, பிரசுரமும் இல்லை. அது பரவாயில்லை.

அடுத்த இதழில் அந்தக் குறளின் இரண்டு அடிகளையும், பரிமேலழகர் உரையையும், அடுத்து வரும் ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்ற குறளையும் சேர்த்து ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்