சனிக்கிழமை சாயங்காலம் படிப்பகச் சாவி வேண்டும்

திருப்பூர் படிப்பகத் தோழர்களுக்கு,

வணக்கம். நான் படிக்கக் கொடுத்த நோட்டு போன வாரம் திரும்பி வந்தது. ‘சாமி’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் சுழித்து, ‘இது நம் மேசைக்கு உரியதல்ல’ என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்த மடல்.

நோட்டில் பாதி நான் குடித்த கதை. மீதி, குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளை, அதாவது குடியிலிருந்து மீளும் வழிகளை, எனக்குப் புரிகிற பேச்சில் எழுதிப் பார்த்தது.

பதினோரு வருடம் உங்களோடு சங்க வேலை பார்த்தேன். டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி மறியலில் நின்ற நாளிலும் என் இடுப்பில் குவார்ட்டர் இருந்தது. பலருக்கும் தெரியும். ‘மன உறுதி வேணும் தோழர்’ என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். நானும் நம்பி ஒரு திங்கட்கிழமை அடியோடு நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமை டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறியது. புதன் விடியலில் வலிப்பு. வருடக்கணக்கில் தினமும் குடித்தவன் மருத்துவர் துணையில்லாமல் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போனேன். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும், இரண்டு பேரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர்கள், உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது அது. கட்டணம் கிடையாது. குடியை விடணும் என்ற ஆசை இருந்தால் போதும். கட்டிங் மாஸ்டரும் கம்பெனி முதலாளியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பெயரை மட்டும் சொல்லி அழுததை அங்கேதான் பார்த்தேன்.

மூன்றாவது படியில் மாட்டிக்கொண்டேன். ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுளிடம்’ நம் வாழ்க்கையை ஒப்படைக்கச் சொல்கிறது மூலம். 1939-இல் இந்தப் படிகள் அடங்கிய புத்தகம் அச்சாவதற்கு முன், கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் விடாப்பிடியாக வாதாடியதால் நுழைந்த சொற்கள் ‘நாம் புரிந்துகொண்டபடி’. ஆனாலும் ‘கடவுள்’ என்று எழுத எனக்குக் கை ஓடவில்லை. ‘மேலான சக்தி’ என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. ‘இயற்கை’ என்று எழுதி அடித்தேன்.

ஒரு ராத்திரி அம்மாவின் நினைவு வந்தது. குடித்துவிட்டு வாசற்படியிலேயே விழுந்து கிடப்பேன். சொம்பில் தண்ணி கொண்டுவந்து முகத்தைக் கழுவி, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, ‘எந்திரி சாமி, உள்ள வந்து படுத்துக்க சாமி’ என்பார். நம் பக்கம் பெற்ற பிள்ளையை அப்படித்தானே கூப்பிடுவோம். வாந்தியில் கிடந்தவனையும் அம்மா அதே சொல்லால்தான் எழுப்பினார். அந்தக் குரலிடம் என்னை ஒப்படைக்க எனக்குக் கூச்சமில்லை. ‘சாமி’ என்று எழுதினேன். மீதி ஒன்பது படிகளும் தானாக வந்தன.

இப்போதும் கோயிலுக்குப் போவதில்லை. காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருகிறேன். பீஸ் ரேட்டுக்காக முதலாளி முன்னால் நிற்கும்போது என் கோபம் தடம் மாறாமல் இருப்பது அந்தப் பத்து நிமிடத்தால்தான்.

1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு முன்னின்றவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தோழர் ஜீவானந்தம் தமிழாக்க, அதே ஈரோட்டில் அச்சிட்டார்கள். அதற்காகச் சிறைக்கும் போனார்கள். குடியை எதிர்த்ததும் மொழிபெயர்த்ததும் நம் இயக்க வேலைதான். என் நோட்டையும் அந்த வரிசையில் வைத்துப் படியுங்கள். ‘சாமி’யை மாற்ற மாட்டேன்.

கேட்பது இதுதான். சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வருகிறது. டாஸ்மாக் கடை ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கும். அன்றைக்கு ஆறரை முதல் எட்டரை வரை படிப்பகத்தை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். எங்கள் கூட்டம் எந்தக் கட்சியையும் மதத்தையும் சேராது, வெளியாள் பணமும் வாங்காது. அதனால் வாடகையை நாங்களே தந்துவிடுகிறோம். மார்க்ஸ் படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், நாங்கள் எந்தப் படமும் மாட்டப் போவதில்லை. பெஞ்சும் டீயும் போதும்.

நம் சங்கத்திலேயே இரண்டு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். ஒருவரை முதலில் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், கை இன்னும் நடுங்குகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்.

தோழமையுடன்,
ஒரு ஓவர்லாக் டெய்லர்
(கூட்டத்தின் வழக்கப்படி பெயர் போடவில்லை. கையெழுத்து உங்களுக்குத் தெரியும்.)