பேட்டரியை முழுசாகத் தீரவிடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் வந்த மழைக்கால முன்னேற்பாட்டுக் குறிப்புகளில், இன்வெர்ட்டர் பேட்டரியை மாதம் ஒருமுறை முழுவதும் தீரவிட்டுச் சார்ஜ் ஏற்றினால் நெடுநாள் உழைக்கும் என்று ஒரு வரி இருந்தது. பட்டுக்கோட்டையில் பேட்டரி சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்பதால், அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மாதம் ஒருமுறை மெயினை அணைத்து அரை மணி நேரம் இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். தீரும்வரை ஓட்டுவதுதான் கெடுதல். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது டியூபுலர் பேட்டரி. உள்ளே ஈயத் தகடும் ஆசிட்டும். கரண்டை எடுக்க எடுக்கத் தகட்டில் ஈய சல்பேட் படியும், ஆசிட் நீர்த்துக்கொண்டே போகும். சீக்கிரமே சார்ஜ் ஏற்றினால் படிந்தது திரும்பக் கரைந்துவிடும். காலியாகவே கிடந்தால் வெள்ளையாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்த இடம் வேலைக்கு ஆகாது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு, எங்கள் பக்கம் தெருத்தெருவாக இதைப் பார்த்தேன். மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. நின்ற பேட்டரியைக் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் வோல்டேஜ் தானாக மேலேறும், 10.5 வோல்ட்டில் நின்றது 11.5க்கு மேல் காட்டும். ஸ்விட்சை அணைத்துப் போட்டால் ஐந்து நிமிடம் லைட் எரியும். “அண்ணே, இன்னும் உயிர் இருக்குண்ணே” என்று திரும்பத் திரும்ப அதையே செய்தார்கள். கைக்குழந்தையோடு இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களை என்ன குறை சொல்வது? ஆனால் பேட்டரியை ஒட்ட உறிஞ்சியது அந்த ஐந்தைந்து நிமிடங்கள்தான்.

கரண்ட் வந்தபின் கடைக்கு வந்தவற்றில் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை வைத்தால், முழு சார்ஜில் 1240 காட்ட வேண்டியது 1100ஐ ஒட்டியே நிற்கும். சார்ஜரில் போட்டால் வோல்டேஜ் சட்டென்று ஏறி ‘ஃபுல்’ விளக்கு எரியும். ஃபேனைப் போட்டால் பத்து நிமிடத்தில் படுத்துவிடும். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவை பழைய ஈய விலைக்கு எடைக்குப் போயின. அதே தெருக்களில், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் வந்தபோது இன்வெர்ட்டரையும் அதில் மாட்டிவைத்தவர்களின் பேட்டரிகள் பிழைத்தன. இரண்டு மூன்று மணி நேரச் சார்ஜ் என்றாலும் அது காப்பாற்றிவிடுகிறது.

கணக்கு எளிது. 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது 1,800 வாட் ஹவர். பழைய ரக ஃபேன் இரண்டும் எல்இடி பல்பு இரண்டும் ஓடினால், வழியில் வீணாவதையும் சேர்த்து மணிக்கு 200 வாட் ஹவர் வரை போகும். நாலு மணி நேரத்தில் ஏறத்தாழ பாதி காலி. அங்கே ஒரு ஃபேனை நிறுத்துங்கள். பாதியளவு இறக்கி ஏற்றுகிற பேட்டரி, ஒவ்வொரு முறையும் அடிவரை இறங்குவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு தடவை தாங்கும்.

‘காலி செய்து ஏற்று’ என்கிற யோசனை நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்தது. பழைய கார்ட்லெஸ் போன் மாதிரிச் சாமான்களில் அதற்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்றைய செல்போனில் இருப்பது லித்தியம்; அதற்கும் அடிவரை இறங்குவது ஆகாது. சைபரில் அணைந்த போனை அப்படியே மாதக்கணக்கில் பீரோவில் வைத்தால், பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். பாதிச் சார்ஜில் வைப்பதுதான் சரி.

ஐப்பசி மழை வருமுன் அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன். இடம் இருந்தால் இதையும் சேருங்கள்: ‘லோ பேட்டரி’ சத்தம் வந்ததும் இன்வெர்ட்டரை அணைக்கவும். கரண்ட் வர நாளாகும் என்று தெரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேட்டரி வயரைக் கழற்றி வைக்கவும்; சில இன்வெர்ட்டர்கள் சும்மா இருந்தாலும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
பேட்டரி சர்வீஸ் கடைக்காரர்,
பட்டுக்கோட்டை.