கலந்து பேசி வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கு ஒரு நன்றி மடல்

காரைக்குடி

மதுரை காது மூக்கு தொண்டை டாக்டர் ஐயாவுக்கும், காரைக்குடி பல் சீரமைப்பு டாக்டர் அம்மாவுக்கும், தேவகோட்டை குழந்தைகள் டாக்டருக்கும், திருச்சி பேச்சுப் பயிற்சி மேடத்துக்கும், என் மகனின் மூன்றாம் வகுப்பு டீச்சருக்கும், எங்கள் அத்தைக்கும் வணக்கம்.

உங்களில் பலர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. போனிலும், நான் கையோடு கொண்டு வந்த ஒரு நோட்டிலும்தான் பேசிக்கொண்டீர்கள். அந்தப் பேச்சால்தான் என் மகன் இன்று மூக்கால் மூச்சு விடுகிறான். தனித்தனியாக நன்றி சொன்னால் அது பாதிதான் சொன்னதாகும். நீங்கள் கலந்து பேசினீர்களே, அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பொது மடல்.

முதலில் டீச்சருக்கு. "பின் பெஞ்சில் இருந்தால் கூப்பிட்டும் திரும்ப மாட்டேங்கிறான். முன்னால் உட்கார வைத்தால் டக்கென்று பதில் சொல்றான். காதைக் காட்டுங்கம்மா" என்று சொன்னவர் நீங்கள். வீட்டில் எங்கள் கவலையெல்லாம் குறட்டை மேலேதான் இருந்தது. வாயைப் பிளந்து தூங்குவான், நடுநடுவே மூச்சு நின்று திணறிப் புரண்டு படுப்பான். காலையில் உதடு வெடித்திருக்கும். சாப்பிடும்போது மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்துதான் மெல்லுவான். வகுப்பில் தூங்கி வழிவதும் காது கேட்காததும் இதோடு சேர்ந்தவை என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. நீங்கள் அந்த ஒரு வரி சொன்னதில் குழந்தைகள் டாக்டர் மூக்கு, காது இரண்டையும் ஒன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.

குழந்தைகள் டாக்டர் ஐயா, அந்த நோட்டு உங்கள் யோசனை. "யாரிடம் போனாலும் தனிச்சீட்டு வேண்டாம், எல்லாரும் இதிலேயே எழுதட்டும்" என்று முதல் பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். அவனுக்கு வீட்டுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்ததோடு நிற்காமல், வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தீர்கள். நாங்கள் பழைய பொருள் வியாபாரம் செய்கிறவர்கள். பின்கட்டில் பழைய மரச்சாமான்கள், பெட்டிகள், பல வருஷத்துத் தூசி. அதையெல்லாம் கடை குடோனுக்கு மாற்றினோம். அவன் படுத்த பழைய இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டோம். போர்வையையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை நல்ல கொதிநீரில் அலசுகிறோம். ஆத்தங்குடி டைல்ஸ் தரை என்பதால் ஈரத்துணி போட்டுத் துடைத்தாலே தூசி போய்விடுகிறது. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊர் வீடு நல்ல வீடுதான்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஐயா, நீங்கள் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு மூக்கின் பின்பக்கத்தை டி.வி.யில் எங்களுக்கும் காட்டினீர்கள். உள்நாக்குக்கு மேலே, மூச்சு இறங்கும் வழியில் அடினாய்டு சதை வளர்ந்து அடைத்திருந்தது. நடுக்காதுக்குப் போகும் குழாயின் வாய் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதனால்தான் காதுக்குள் நீர் கட்டிக் கேட்காமல் போகிறது என்று படம் வரைந்து சொன்னீர்கள். 1868-லேயே கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற டாக்டர், காது மந்தமாகி வாயால் மூச்சு விடுகிறவர்களிடம் இந்தச் சதையைக் கண்டுபிடித்து எழுதியதையும் சொன்னீர்கள். அத்தனை பழைய விஷயத்தை இவ்வளவு பொறுமையாக ஒரு தாய்க்கு விளக்கியதற்கே தனியாக ஒரு கும்பிடு.

"வளர்ந்தால் தானா சரியாப் போயிரும்" என்று சொந்தக்காரர்கள் சொன்னதை உங்களிடம் கேட்டேன். அதில் பாதி உண்மை என்றீர்கள். இந்தச் சதை பதின்வயதில் சுருங்கிவிடும், ஆனால் அதுவரை முகத்து எலும்பு வளர்ச்சி காத்திருக்காது. வாய் திறந்தே இருந்தால் நாக்கு கீழே கிடக்கும், மேல்தாடை அகலமாகாமல் குறுகி மேலே குவியும், முகம் நீளும், பல் நெரியும். இந்தப் பதிலை ஊரில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரவில் வாயில் பிளாஸ்திரி ஒட்டச் சொல்லி ஒருவர் யோசனை கொடுத்தபோது நீங்கள் கோபப்பட்டதும் சரியே. மூக்கு அடைத்திருக்கும் பிள்ளைக்கு வாயையும் அடைத்தால் அவன் எதனால் மூச்சு விடுவான்?

உடனே கத்தியைத் தூக்காததற்கும் நன்றி. முதலில் மூக்கு ஸ்பிரேயும் உப்புநீர்க் கழுவலும் கொடுத்தீர்கள். காது நீர் பல பிள்ளைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும், 3 மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றீர்கள். மூக்கு கொஞ்சம் திறந்தது, காது நீர் குறையவில்லை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் நிற்கவில்லை. அப்புறம்தான் அறுவை. அதற்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர், "ஆடுற பால்பல் ஏதும் இருக்கா?" என்று கேட்டு நோட்டில் எழுத, பல் டாக்டர் அம்மா அந்தப் பல்லை முன்கூட்டியே எடுத்துவிட்டார். மயக்கத்தில் பல் கழன்று மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாதே என்று இரண்டு ஊரில் இருக்கும் இரண்டு பேர் யோசித்திருக்கிறீர்கள். அன்றைக்கு என் மனசு எப்படித் தைரியமானது என்று எழுத்தில் கொண்டுவரத் தெரியவில்லை.

அறுவை நன்றாக முடிந்தது, காதும் தெளிந்தது. ஆனால் தூங்கும்போது வாய் மறுபடியும் திறந்துகொண்டது. அந்தச் சமயத்தில்தான் காது மூக்கு தொண்டை டாக்டர் ஐயாவும் பல் டாக்டர் அம்மாவும் போனில் பேசினீர்கள். சதை போய்விட்டது, ஆனால் மூக்குக்குள் இடமே குறுகல், மேலண்ணத்தை விரிக்க முடியுமா என்று ஐயா கேட்க, எலும்பு இன்னும் ஒட்டாத வயது, இப்போதே செய்தால்தான் சுலபம் என்று அம்மா சொல்ல, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வழியைத் திறப்பது, அடுத்து இடத்தை விரிப்பது, அப்புறம் நாக்கையும் உதட்டையும் பழக்குவது என்ற வரிசை அன்றுதான் உறுதியானது. பல் நெரிந்திருக்கிறதே என்று நேரே கிளிப் போட்டிருந்தால், மூச்சு வாயாலேயே போய்க்கொண்டிருக்க, நேராக்கிய பல் திரும்பவும் நகரும் என்று டாக்டர் அம்மா முன்பே எச்சரித்திருந்தார்.

டாக்டர் அம்மா, மேலண்ணத்தை விரித்தால் மூக்குக்கு எப்படி இடம் கிடைக்கும் என்று என் மாமியார் கேட்டதற்கு, "ஆச்சி, உங்க வீட்டுல கீழ் அறைக்கு மச்சு எதுவோ அதுதானே மாடிக்குத் தரை? வாய்க்கு மேலண்ணம் மச்சு, மூக்குக்கு அதுவே தரை" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு அவர் வேறு கேள்வியே கேட்கவில்லை. அண்ணத்தில் பொருத்திய திருகுக்குச் சின்ன சாவி கொடுத்தீர்கள். ஒரு திருப்புக்கு கால் மில்லிமீட்டர்தான் விரியும். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சந்து விழும், பயப்படாதீர்கள், எலும்பு விலகுகிறது என்று அதற்கு அர்த்தம் என்று முன்னமே சொல்லியிருந்ததால்தான் அந்தச் சந்தைப் பார்த்தபோது நாங்கள் பதறாமல் இருந்தோம். பிறகு பற்கள் தாமாகவே நெருங்கி வந்தன. விரிந்த இடத்தில் புது எலும்பு நிரம்பும்வரை பல மாதம் திருகைக் கழற்றாமல் வைத்திருந்தீர்கள். அவசரப்பட்ட எங்களைப் பொறுத்துக்கொண்டதற்கும் நன்றி.

பேச்சுப் பயிற்சி மேடம், வீடியோவில் அவனோடு நீங்கள் செய்த கூத்தெல்லாம் பயிற்சி என்று அவனுக்குத் தெரியவே இல்லை. நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில் ஒட்டி இருக்க வேண்டும். உதடு மூடி, மூக்கால் மூச்சு. நூல் கோத்த பெரிய பொத்தானை உதட்டுக்குள் வைத்து, நான் இழுக்க, அவன் விடாமல் பிடிக்க வேண்டும். சாப்பிடும்போது வாயை மூடி மெல்வது, எச்சில் விழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளாமல் இருப்பது. பல வருஷம் கீழே கிடந்து பழகிய நாக்கு, வழி திறந்துவிட்டதே என்று தானாக மேலே ஏறாது என்று நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. இதை விட்டிருந்தால் அறுவையும் திருகும் பாதிப் பலனோடு நின்றிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

அத்தை, உங்களுக்கும் இந்த மடலில்தான் சொல்கிறேன். தினமும் சாயங்காலம் பட்டாலைத் திண்ணையில் அவனை உட்காரவைத்து, சாக்குப்போக்குச் சொல்ல விடாமல் பொத்தான் பயிற்சியைச் செய்ய வைத்தவர் நீங்கள். கடை வேலையில் எனக்கு முடியாத நாளிலும் அது நின்றதில்லை.

இப்போது திருகைக் கழற்றியாகிவிட்டது. குறட்டை இல்லை. வகுப்பில் தூங்குவதில்லை என்று டீச்சர் சொல்கிறார். தூசி ஒவ்வாமை அடியோடு போய்விடாது, அதற்கான கவனிப்பு தொடரும். கடைவாய்ப் பற்கள் எல்லாம் முளைத்த பிறகு பல்வரிசையை மறுபடியும் பார்ப்பதாக டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார்.

பேச்சுப் பயிற்சி மேடம் அனுமதி கொடுத்ததால் அந்தப் பயிற்சித் தாளை நகல் எடுத்துக் கடையில் வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு இதே தொந்தரவு இருந்து, மூக்கில் அடைப்பு இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு வருகிறவர்கள் யார் கேட்டாலும் தருகிறேன்.

நிறைந்த நன்றியுடன்,
ஒரு தாய், காரைக்குடி