ஏ.ஆர். காப்பியை உடனே படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் மோதிக் காயம்பட்டவரின் இழப்பீட்டு வழக்கு முதலில் ஆட்டங்காண்பது ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில்தான். அங்கே எழுதப்படும் விபத்துப் பதிவேட்டை எல்லாரும் ஏ.ஆர். என்பார்கள். தூக்கி வந்து சேர்த்தவர் பதற்றத்தில் ‘பைக்கிலிருந்து விழுந்துட்டார்’ என்றால், டாக்டர் அதையே எழுதிக்கொள்வார். பத்து நாள் கழித்துப் பதிவாகும் எஃப்.ஐ.ஆரில் கார் எண் இருக்கும். ‘தானாக விழுந்தவர் மேல் கார் எப்போது மோதியது?’ என்று இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்கும்போது பதில் இருக்காது.

ஆகவே, கார் மோதியது, எந்த இடம், எத்தனை மணி, தெரிந்தால் வண்டி எண் ஆகியவற்றை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஏ.ஆர். காப்பியை வாங்கியதும் படித்துப் பாருங்கள். தவறிருந்தால், வாக்குமூலம் வாங்க வரும் காவலரிடம் உண்மையைச் சொல்லிப் பதிய வையுங்கள். புகார் தாமதமானால் அதற்கான காரணத்தையும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த தவறு, கார் ஓட்டியவர் மீதான குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பது. அது தனி வழக்கு. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. செங்கல்பட்டில் அடிபட்ட தென்காசிக்காரர், தான் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், அலைய வேண்டியதில்லை.

தொகை எப்படி வருகிறது? மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 35 வயது சுயதொழிலாளியை எடுத்துக்கொள்வோம். எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அதை 12 மாதத்தாலும், அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கெண் 16ஆலும் பெருக்க வேண்டும். ஊனத்தால் வரும் வருமான இழப்பு 20 சதவீதம் என்றால் 8,06,400 ரூபாய். வருமானத்துக்குச் சான்று இல்லாமல் தீர்ப்பாயம் 10,000 என்று எடுத்துக்கொண்டால் 5,37,600தான். வங்கிக் கணக்குப் புத்தகம், ஜிஎஸ்டி ரசீது, சரக்கு வாங்கிய பில் என எது இருந்தாலும் தாக்கல் செய்யுங்கள். மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி. அதற்கு அசல் பில் வேண்டும். மெடிகிளெய்முக்கு அசலைக் கொடுத்திருந்தால் சான்றொப்பமிட்ட நகலாவது கையில் இருக்கட்டும்.

ஊனச் சதவீதத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். காலுக்கு 40 சதவீதம் என்று சான்று இருந்தால், வருமான இழப்பும் 40 என்று ஆகாது. அந்த ஊனம் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதே கணக்கு என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மடங்காத முழங்காலோடு கணக்கெழுதலாம். லாரி ஓட்ட முடியுமா? அதனால் செய்த வேலை என்ன, இப்போது எது முடியவில்லை என்று மனுவிலும் சாட்சியத்திலும் விவரமாக வர வேண்டும்.

மோதிய வண்டி தெரியாமலே போனாலும் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் அரசுத் திட்டத்தில் உண்டு. இதைக் கேட்டு வாங்குவோர் மிகக் குறைவு. இந்த விவரங்களை ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் அவசரப் பிரிவு வாசலில், படுக்கையருகே நிற்கும் உறவினர் கண்ணில் படும்படி தமிழில் எழுதி வைக்க சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– வாசகர், திண்டுக்கல்