கிரகணமும் பாக்குவெட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரையம்பதியில் என் பேத்தி பிளந்த மேலுதட்டோடு பிறந்தபோது, பார்க்க வந்தவர்கள் கேட்ட முதற்கேள்வி: "கிரகணத்தன்று தாய் பாக்கு வெட்டினாளா?" அண்ணத்திலும் பிளவு. பால் மூக்கால் வழிய, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக் கரண்டியால் சொட்டுச் சொட்டாகப் பருக்கிக்கொண்டிருந்த என் மகள் என்ன பதில் சொல்வாள்?

மேலுதடு பொருந்துவது கருவின் 4 முதல் 7 ஆம் வாரத்துக்குள். தான் கர்ப்பம் என்பதே பலருக்கு அப்போது உறுதியாகத் தெரியாது. ஐ.ஆர்.எஃப்.6 போன்ற மரபணுக்களின் மாற்றங்களுக்கு இதில் பங்குண்டு. பெரும்பாலும் பல மரபணுக்களும், புகைத்தல் போன்ற புறக்காரணங்களும் சேர்ந்தே இது நிகழ்கிறது. மரபணு என்று சொன்னதும், "அப்படியென்றால் பெண் வழியா?" என்று சம்பந்தி வீட்டில் தொடங்கிவிட்டார்கள். தகப்பனும் பாதி கொடுத்தவர்தானே!

கிளினிக்கில் கண்ட இன்னொரு தாயையும் இதே கிரகணம் துரத்தியதாம். அவருடைய மகனுக்குப் பாதம் உள்நோக்கித் திரும்பியிருந்தது. பொன்செற்றி முறையில் வாராவாரம் பிளாஸ்டர் கட்டு மாற்றினால் அநேகமாக நேராகிவிடும்; பின்பு முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுதும், அதன்பின் 4, 5 வயதுவரை இரவிலும் கம்பி பூட்டிய சப்பாத்து அணிய வேண்டும். அந்தச் சின்னக் காலில் வெள்ளைக் கட்டைப் பார்த்தபோது, என் பேத்தியின் உதட்டுத் தையல் பெரிதாகத் தெரியவில்லை.

கிரகணத்துக்குக் கிரகணம் பரிகாரம் அச்சிடும் தங்கள் பக்கத்தில், அடுத்த முறை ஒரு மருத்துவரையும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஓர் அம்மம்மா,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.