கலாபகோஸ் போகும் மகளுக்கு

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகளுக்கு,

ஈக்வடார் தலைநகர் கித்தோவில் தோழிகளோடு இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவாய் என்றுதான் நினைத்திருந்தோம். அங்கிருந்து கலாபகோஸ் தீவுகளுக்குத் தனியாகப் போகிறேன் என்று நீ சொன்ன இரவு அம்மா தூங்கவில்லை. நானும்தான். ஈக்வடார் கரையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் கடல், பாப்பா. போனில் நான் குரலை உயர்த்தியது அந்தப் பயத்தில்தான். மனத்தில் வைத்துக்கொள்ளாதே. போய் வா.

பட்டர்வொர்த் பெர்ரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் படகைப் பற்றிச் சொல்கிறேன். சாந்தா குரூஸ் தீவிலிருந்து இசபெலா தீவுக்கு வேகப்படகில் இரண்டு மணி நேரம். நம் பெர்ரி ஓடுகிற அடங்கிய தண்ணீர் அல்ல அது, திறந்த பசிபிக். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள். முன்பக்கம் உட்காராதே, அங்கேதான் அலை தூக்கிப் போடும். பின்வரிசையில் அமர்ந்து தொடுவானத்தைப் பார். பூமத்திய ரேகைதானே என்று குளிர்ச்சட்டையை விட்டுவிடாதே. பென்குவின் வாழும் அளவுக்குக் குளிர்ந்த நீரோட்டம் அங்கே வருகிறது. பூங்காக் கட்டணம் 200 டாலரை ரொக்கமாக வைத்துக்கொள்.

அம்மா கட்டிக்கொடுத்த வெந்தயம், காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் தோழிகளிடமே கொடுத்துவிடு. விமானம் ஏறும் முன் பையைச் சோதிப்பார்கள். விதை, மண் எதுவும் போகக்கூடாது. காலணியின் அடியையும் கழுவிவிடு. யாரோ கொண்டுபோய் நட்ட கொய்யா இன்று அந்தத் தீவுகளின் மேட்டுநிலத்தில் காடாய்ப் பரவி, அங்கேயே பிறந்த செடிகளை நெருக்குகிறது. நம் கொல்லையில் நீ ஏறி விளையாடிய அதே கொய்யாதான்.

அங்கிருந்து எடுத்துச் சென்றவர்கள் செய்த கேடு இன்னும் பெரிது. திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் ராட்சத ஆமைகளை ஆயிரக்கணக்கில் உயிரோடு ஏற்றிப் போனார்கள். தீனியும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் அவை உயிர் தாங்கும் என்பதால், வேண்டும்போது வெட்டிச் சமைக்கலாம். பிண்டா தீவின் கடைசி ஆமை ஜார்ஜ், தன் இனத்தில் வேறொன்று இல்லாமலே 2012-இல் இறந்தது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. சிறுவயதில் சந்தையில் விற்ற ஆமை முட்டையை நான் வாங்கித் தின்றிருக்கிறேன், பலமுறை. 1978-இல் நண்பர்களோடு திரங்கானு ரந்தாவ் அபாங் கரைக்குப் போனேன். முட்டையிட வந்த தோல்முதுகு ஆமை ஒரு கட்டில் அளவு இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. சிலர் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் ஏறவில்லை, ஆனால் டார்ச் பிடித்தேன். இன்று அந்தக் கரைக்கு அவை வருவது அநேகமாக நின்றேபோய்விட்டது. அந்த டார்ச் வெளிச்சம் இன்னும் என் கையை விடவில்லை.

ஆகவே எந்த விலங்கிடமிருந்தும் இரண்டு மீட்டர் தள்ளியே நில், கண்ணு. கடல் சிங்கம் தானாக உன் காலடிக்கு வந்தாலும் நீ பின்வாங்கு. ஒரு கூழாங்கல்கூட எனக்கு வேண்டாம். கடல் இகுவானா என்ற பெரிய ஓணான் உப்பை மூக்கால் பீச்சும்போது சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.

படகிலிருந்து இறங்கியதும் ஒரு செய்தி அனுப்பு. அங்கே மாலை நாலு என்றால் இங்கே மறுநாள் காலை ஆறு. அம்மா விளக்கேற்றிவிட்டு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்பா