தலையாட்டலை நம்பாதே

அன்பு மகளுக்கு,

நீ நர்ஸாக இருக்கும் வெளிநாட்டு வார்டில், மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நீ விளக்கியபோது தலையாட்டிக்கொண்டே இருந்த பெரியவர், மறுநாள் இரண்டு வேளைக்கு உரியதையும் ஒரே நேரத்தில் விழுங்கிவிட்டார் என்று நீ தொலைபேசியில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் தேறிவிட்டார் என்பது பெரிய ஆறுதல். வேலைக்காக நீ எழுதிய அந்நாட்டு மொழித்தேர்வின் மதிப்பெண்ணில் குறையில்லை. ஆனால் நோயாளி தேர்வுத்தாளின் மொழியைப் பேசுவதில்லை. நம் மொழியிலேயே வலி குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது. இவற்றை அகராதியைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயலும் வெளிநாட்டு நர்ஸை நினைத்துப் பார்.

உன்னைப் போல நான் வெளிநாட்டு வார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மூதாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே சொல்லை மூன்று முறை சொன்னார். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுச் சிரித்தேன், போர்வையைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தேன். அவர் கேட்டது பெட்பேன். திரும்பி வந்தபோது படுக்கை நனைந்திருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

புரியாததைவிடப் புரிந்துவிட்டதாக எண்ணுவதே ஆபத்தானது. 1980இல் ஃபுளோரிடாவில், சுயநினைவின்றிக் கொண்டுவரப்பட்ட வில்லி ராமிரெஸ் என்ற 18 வயது இளைஞனைப் பற்றி, அவனுடைய வீட்டார் தங்கள் ஸ்பானிய மொழியில் 'இன்டாக்ஸிகாடோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கருத்து. மருத்துவர்களோ அதைப் போதையேறியவர் என்று பொருள்படும் 'இன்டாக்ஸிகேட்டட்' என்ற தங்கள் ஆங்கிலச் சொல்லாகக் கேட்டு, போதைமருந்து மிகுதி என்று சிகிச்சை தொடங்கினார்கள். மூளையில் ஏற்பட்டிருந்த இரத்தக்கசிவு உரிய நேரத்தில் தெரியாமல் போனதால் கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர். புரிந்துவிட்டது என்று எண்ணியதால் மொழிபெயர்ப்பாளரை யாரும் அழைக்கவில்லை.

ஆகவே, "புரிந்ததா?" என்று கேட்காதே, நர்ஸின் மனம் நோகக் கூடாதென்றே பலர் ஆமாம் என்பார்கள். "வீட்டுக்குப் போனதும் எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று கேள். கூட வந்த சிறுபிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதே. தாயின் நோயைத் தாயிடமே சொல்லும் சுமை அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

நாளை அந்தப் பெரியவரின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மாத்திரை வேளைகளை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேள். பிறகு எனக்குக் கூப்பிடு, எந்நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா